பொத்தான் டப்பாவில் இருபத்து நான்கு மாத்திரைகள்

அன்புத் தம்பி,

என்னை வார்டில் விட்டுவிட்டுக் கீழே வந்திருப்பாய். கார் நிறுத்துமிடத்தை விட்டு வெளியே போக அட்டையை எடுக்கலாம் என்று முன்பெட்டியைத் திறந்திருப்பாய், இந்த உறை கையில் தட்டுப்பட்டிருக்கும். வண்டியை எடுக்காதே. உட்கார்ந்தே படி. உன் அம்மா இத்தனை பக்கம் எழுதுவாள் என்று நீ நினைத்திருக்கமாட்டாய். துணிக்கடையில் மீட்டர் கணக்கு எழுதுவதைத் தவிர நான் பேனா பிடித்தே பல வருடம் ஆகிறது. தமிழ்ப்பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான் என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் இந்தக் கடிதத்தில் நீ நம்பியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும், வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டாய். அதனால்தான் உறைக்கு அடியில் என் பொத்தான் டப்பாவையும் வைத்திருக்கிறேன். அதை இப்போதே திறக்காதே. நான் சொல்லும்போது திற. பொட்டலத்தைக் கண்டால் பொறுக்காத கை உனக்கு, அதனால் இரண்டு முறை சொல்கிறேன்.

உன் முன்பெட்டியை நான் திறந்தது இது முதல் தடவை அல்ல. போன மாதம் இதே மருத்துவமனையிலிருந்து நம் ஊர் தங்காக்குக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினாய், நினைவிருக்கிறதா? எனக்குச் சீனியும் பாலும் போடாத தே ஓ வாங்க நீ வரிசையில் நின்றாய். எனக்குக் கண் துடைக்க டிஷ்யூ வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து அந்த பெர்த் கம்பெனியின் கடிதம் நான்காக மடித்துக் கிடந்தது. மூன்று வருட வேலை, அடுத்ததற்கு அடுத்த மாதம் சேரவேண்டும், பதில் சொல்ல ஒரு தேதி. பின்பக்கத்தில் பென்சிலால் நீ எழுதிப் பார்த்த பதிலும் இருந்தது. என் இங்கிலீஷ் துணிக்கடை இங்கிலீஷ்தான். ஆனாலும் மதர், ஹார்ட், சாரி என்ற மூன்று வார்த்தையைச் சேர்த்துப் படிக்க அது போதும். நீ தே ஓவோடு வந்து கதவைத் திறந்தபோது எல்லாவற்றையும் பழையபடி மடித்து வைத்துவிட்டு, "என்னா வெயில் லா" என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் நீ என் மகன்தான். மறைப்பதை ஒழுங்காக மடித்து மறைக்கிறோம்.

நான் எதற்கு அழுதேன் என்று நீ கேட்கவில்லை. ஆபரேஷன் பயம் என்று நினைத்திருப்பாய். அது இல்லை. அன்று மயக்க மருந்து கொடுக்கிற அந்தச் சின்ன டாக்டர் பெண், நம்மவள், என் கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாளே, "ஆன்ட்டி, பதிமூணு வருசத்துக்கு முன்னாடி ஒரே வாரத்துல ஹார்ட், கிட்னி எல்லாம் பாதிச்சு ஐசியூவுல இருந்திருக்கீங்க. அப்ப எதாச்சும் நடந்துச்சா? மருந்து விட்டுட்டீங்களா?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். தலையைக் குனிந்துகொண்டு, முப்பது வயது ஆம்பிளை, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி சொன்னாய்: "அப்ப நான்தான் அம்மாவுக்கு டென்ஷன் குடுத்தேன் டாக்டர். பேசக்கூடாதத பேசிட்டேன்." அவள் உன்னைப் பார்த்தாள். "டென்ஷன் மட்டும் இப்படிப் பண்ணாது. மருந்த நிறுத்தினா பண்ணும்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன்? "நிறுத்தல மா. விரதத்துல கீரைதான் கொஞ்சம் கூட சாப்பிட்டேன்." பதிமூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே வழவழவென்று ஆகிப்போன பொய் அது. நாக்கிலிருந்து தானாக வழுக்கி விழுந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் கலந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள். உனக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின, ஒன்று ஐந்தாம் மாதம், ஒன்று ஆறாம் மாதம். உனக்குப் பிறகும் ஒன்று. நடுவில் நீ மட்டும் எப்படித் தப்பி வந்தாய் என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. அடம்பிடித்து வந்திருப்பாய். கர்ப்பப்பை பலவீனம் என்றார்கள், உடம்புச் சூடு என்றார்கள், கண் என்றார்கள். என் மாமியார் வீட்டில் சொன்னதை எழுத எனக்கு இஷ்டமில்லை. நீ பத்தாம் வகுப்புக்குப் போகும் முன்பு என் இடது கால் தொடையிலிருந்து வீங்கியது. அப்போதுதான் ரத்தத்தைச் சோதித்துப் பெயர் சொன்னார்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். அதைத் தடுமாறாமல் சொல்லப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. நோயை எதிர்க்கவேண்டிய என் உடம்பின் காவல்படை தப்பாக என்னையே எதிர்க்கிறதாம். அதனால் ரத்தம் கட்டக்கூடாத இடத்தில் கட்டிக்கொள்கிறதாம். அந்த மூன்று பிள்ளைகளும் என் குற்றத்தால் போகவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, நோய் வந்ததே என்று அழாமல் நிம்மதியில் அழுதேன். ஒருத்தர் மேல் இல்லாத குற்றத்தை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் தம்பி. தெரிந்தும் உனக்கு அதைச் செய்யாமல் இருந்தேன்.

அன்றிலிருந்து வார்ஃபரின். தினம் சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மாத்திரை. மாதம் ஒரு முறை விரலில் குத்தி ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கூடினால் ரத்தம் ஒழுகும், குறைந்தால் கட்டும். உன் அப்பா செம்பனை லாரி ஓட்டுகிறவர், டயர் காற்றைப் பார்ப்பது போலவே என் எண்ணையும் கேட்பார். "இன்னைக்கு எவ்ளோ? ரெண்டரையா? பாகுஸ், நல்லா இருக்கு!" மாத்திரைப் பாக்கெட்டை அவரே எடுத்துப் பார்த்து, நான் விழுங்கினேனா என்று சரிபார்ப்பார். கீரை இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும், குறை என்றார்கள், குறைத்தேன். பல் தேய்த்தாலே ஈறில் ரத்தம் கசியும். கடையில் குண்டூசி குத்தினால் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே வாடிக்கையாளருக்குச் சேலையை விரித்துக் காட்டுவேன். உனக்கு அது ஒரு விளையாட்டு, எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது என்று கடிகாரம் பார்ப்பாய். "அம்மா, புது ரெக்கார்ட்!" என்று கத்துவாய். அப்போது நீ கத்துகிற பிள்ளையாக இருந்தாய்.

நீ எஸ்பிஎம் பரீட்சை எழுதி முடித்து முடிவுக்குக் காத்திருந்த வருடம் அது. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உன் கணக்குத் தாளை நினைத்து உன்னைவிட நான்தான் பயந்தேன். யாரிடமும் கேட்காமல் முருகனிடம் வாய்விட்டு வேண்டிவிட்டேன்: பையனுக்கு நல்ல இடம் கிடைக்கட்டும், தைப்பூசத்துக்கு நாக்கில் அலகு குத்தி பால்குடம் எடுக்கிறேன் என்று. வேண்டிய பிறகுதான் மாத்திரை ஞாபகம் வந்தது. நம் ஊரில் அலகு குத்தும்போது எல்லோர் கண்ணும் எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியும். ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் விரதம் சுத்தம். ஒரு சொட்டு வந்தாலும் சட்டென்று யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், பந்தியில் உட்கார்ந்த பிறகு சொல்வார்கள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் நான். என் உடம்பைப் பற்றி ஊர் பேசிய பேச்சு எல்லாம் எனக்குப் போதும் போதும் என்றிருந்தது. இவளுக்கு விரதம் சுத்தமில்லை என்று இன்னொரு பேச்சு வேண்டாம் என்று நினைத்தேன். பக்தியில்தான் நிறுத்தினேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. வெட்கத்தில் நிறுத்தினேன். நாலு பேர் முன்னால் என் நாக்கில் ரத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான்.

தினம் சாயங்காலம் அப்பா பார்க்கப் பாக்கெட்டிலிருந்து இரண்டு மாத்திரையை எடுப்பேன், தண்ணீரையும் குடிப்பேன். மாத்திரை உள்ளங்கையிலேயே இருக்கும். பிறகு தையல் மிஷின் பக்கம் போய்ப் பொத்தான் டப்பாவில் போட்டுவிடுவேன். ஐந்து நாள் போதும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பத்து நாள் ஆக்கினேன். உன் அம்மா எதையும் குறைவாகச் செய்பவள் இல்லை, முட்டாள்தனத்தையும்.

பூசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நீ வந்து நின்றாய். நான் குடத்துக்கு மஞ்சள் துணி கட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, இந்த மருந்து சாப்பிட்டுட்டு நாக்குல குத்தினா ரத்தம் நிக்காது. டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றாய். பார், வீட்டில் இருந்த ஒரே புத்திசாலி நீதான். நான் உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன், "எல்லாம் கேட்டாச்சு. அவங்க ஓகேன்னுட்டாங்க." அதுதான் உன்னிடம் சொன்ன முதல் பொய். நீ நம்பவில்லை. "யார் கேட்டா இதெல்லாம்? பரீட்சை எழுதினது நானு, குத்திக்கிறது நீங்களா?" என்றாய். நான் விட்டேனா? உனக்காகத்தானே, உன்னைப் பெற நான் பட்ட பாடு தெரியுமா, நன்றி கெட்டவனே என்று கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து வீசினேன். அப்போதுதான் நீ அந்தச் சொல்லைச் சொன்னாய். "குத்திக்கிட்டு சாவணும்னா சாவுங்க! எனக்கு என்னா!" முன்கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாய், சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கழன்று விழுந்தது. மறுநாள் கோயிலுக்கும் நீ வரவில்லை.

பூசத்தன்று என் நாக்கில் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. கூட்டத்தில் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமை என்று நினைக்கிறாய்! கால் தரையில் பாவவில்லை. முருகன் கைவிடவில்லை என்று அழுதுகொண்டே நடந்தேன். உள்ளே என் ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் அருள் என்று நினைத்தேன். நாக்கு வலியில் அன்றைக்கும் மறுநாளும் மாத்திரையை விழுங்காமல் இருந்தேன், இரண்டு நாள்தானே என்று. அதற்கு அடுத்த நாள் காலை கடையில் ஒரு மலாய்க்கார அம்மாவுக்குக் கல்யாணச் சொங்கெட் துணியை எடுக்கக் கையை உயர்த்தினேன். நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. துணிக்கட்டோடு கீழே விழுந்தேன். கடை முதலாளியம்மா, நம் தவ்க்கே, ஓடி வந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாளாம். எனக்கு ஞாபகம் இல்லை.

மூவார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். பெரிய குழாய் ஒன்றும் அடைக்கவில்லை, இதயத்துக்குள் ஓடும் மயிரிழை நாளங்களில்தான் பொடிப்பொடியாக ரத்தம் கட்டியிருந்தது, சிறுநீரகத்திலும் கால்விரல் நுனியிலும் கூட. இந்த நோயிலேயே மோசமான வகை, எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் பாயும், பிழைப்பவர்கள் பாதிப்பேர் இருந்தால் அதிகம் என்று உன் அப்பாவிடம் சொன்னார்களாம். என் ரத்தத்தின் தண்ணீர்ப் பகுதியை மெஷினில் எடுத்துவிட்டு வேறு ஏற்றினார்கள். மூச்சுக் குழாயை எடுத்த அன்று மருந்தகத்துப் பெண் வந்து, "காக், ஊபாட் ஆடா மாக்கான்?" என்று மெல்லக் கேட்டாள். மருந்து சாப்பிட்டீர்களா அக்கா என்கிறாள். ரெண்டரை இருக்கவேண்டிய என் எண் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்ததாம். கட்டிலின் மறுபக்கம் உன் அப்பா நின்றார், மூன்று நாள் சவரம் செய்யாத முகத்தோடு. "நான் பாத்தேன், தினம் முழுங்கினா," என்று எனக்காக அவர் சத்தியம் செய்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. விரதத்தில் முருங்கைக்கீரை நிறையச் சாப்பிட்டேன் என்றேன். வீட்டுக்குப் போன கையோடு உன் அப்பா பின்கட்டு முருங்கை மரத்தை வேரோடு வெட்டிச் சாய்த்துவிட்டார். பாவம் அந்த மரம். அது செய்த ஒரே தப்பு நம் வீட்டில் முளைத்தது.

மருத்துவர்களுக்குக் கீரைக் கதை. சொந்தக்காரர்களுக்கு வேறு கதை. அந்தக் குழாயை எடுக்கும் முன்பே உன் அத்தை வார்டுக்கு வெளியே நின்று சொன்னது கண்ணாடி வழியாக எனக்கே கேட்டது: "பெத்த பிள்ளையே சாவுன்னு சொன்னா நெஞ்சு தாங்குமா லா? அதான் ஹார்ட்டு போச்சு." நீ சுவரோடு ஒட்டி நின்றிருந்தாய். உனக்கும் கேட்டது. நான் அப்போதே அவளைக் கூப்பிட்டு வாயை மூடு என்று சொல்லியிருக்கவேண்டும். மூச்சுக் குழாய் இருந்தது, பேச முடியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குழாயை எடுத்துப் பதிமூன்று வருடம் ஆகிவிட்டது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். நான் பேசாமல் இருந்ததற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. நான் வீட்டுக்கு வந்த பிறகு நீ மாறிப்போனாய். எதிர்த்துப் பேசுவது நின்றது. கத்துவது நின்றது. மாத்திரையும் தண்ணீரும் கையில் கொண்டுவந்து கொடுத்தாய். கோலாலம்பூரில் இடம் கிடைத்தும், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் படிக்கிறேன் என்றாய். ஜொகூர் பாருவில் வேலைக்குப் போன பிறகும் ஒவ்வொரு வாரமும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தாய். ஊரில் எல்லோரும் என்னிடம், "உங்களுக்கு எப்படிப்பட்ட பிள்ளை கா!" என்றார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று வெற்றிலை போட்டது போல வாய் சிவக்கச் சிரித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது தம்பி. உன் குற்ற உணர்ச்சி என் வாசலில் வாரா வாரம் வந்து நின்றது, நான் அதற்குச் சோறு போட்டேன், மீன் குழம்பு வைத்தேன், அதைப் பாசம் என்று ஊருக்குக் காட்டினேன். பாசமும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பெண் பார்க்கலாம் என்றால், "அம்மாவுக்கு சரியாகட்டும்" என்றாய். இப்போது பெர்த்துக்கும் அதையே எழுதி வைத்திருக்கிறாய். கதவை இழுத்துச் சாத்துகிற அந்தப் பையனை நான் என்ன செய்தேன் என்று அந்த ஓய்விடத்தில்தான் எனக்கு உறைத்தது.

அன்று வீட்டுக்கு வந்த மறுநாள் காலை டாக்டர் பெண் கொடுத்த நம்பருக்குப் போன் செய்தேன். "நான் பொய் சொல்லிட்டேன் மா. அப்ப மருந்த நான்தான் நிறுத்தினேன்," என்று சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, "நல்லவேளை சொன்னீங்க ஆன்ட்டி. ஆபரேஷனுக்காக வார்ஃபரின நிறுத்தித்தான் ஆகணும். உங்களுக்கு நிறுத்தினா என்னா ஆகும்னு இப்ப தெரிஞ்சிருச்சு. வீட்டுல நிறுத்த வேணாம். ஒரு வாரம் முன்னாடியே வந்து படுத்துருங்க, ரத்தம் கட்டாம இருக்க ஊசி போட்டுக்கிட்டே நிறுத்துவோம்," என்றாள். அதனால்தான் ஆபரேஷன் அடுத்த வாரம் இருக்க இன்றைக்கே என்னைச் சேர்த்திருக்கிறார்கள். உன்னிடம் கட்டில் கிடைத்துவிட்டது என்று சொன்னேன், அதுவும் பொய். அதுதான் கடைசி என்று வைத்துக்கொள்.

அப்பாவிடம் நேற்றுச் சாப்பிடும்போது சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். அவர் கேட்டது: "அப்ப அந்த முருங்க மரம்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. எழுந்து கை கழுவும்போது சொன்னார், "எங்கிட்ட இத்தன வருசம் சொல்லலன்னா பரவால்ல. பையன்கிட்ட சொல்லிரு." சொல்லிவிட்டேன் பார்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றும் எழுதிவிடுகிறேன். கட்டிய ரத்தம் தழும்பாகி என் இதயத்தின் வால்வு தடித்து ஒழுகுகிறது, அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைக்கப் போகிறார்கள். எனக்கு இருக்கிற ரத்தத்துக்கு இது சாதாரண ஆபரேஷன் இல்லை என்று உனக்கும் தெரியும், நீயும் நானும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து வந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இன்னும் ஆசைகள் இருக்கின்றன. ஆனால் வராமல் போனால், நீ பதினேழு வயதில் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லை வாழ்நாள் முழுக்க என் சாவோடு சேர்த்து முடிந்து வைத்துக்கொள்வாய். அதை நினைத்தால் எனக்குக் கத்தியைவிடப் பயமாக இருக்கிறது. ஆகவே நன்றாகப் படி: என் நெஞ்சு உன்னால் கெடவில்லை. என் வெட்கத்தால் கெட்டது. நீ என்னைத் தடுக்கத்தான் வந்தாய். நான் கேட்டிருந்தால், அந்தச் சண்டைக்குப் பிறகாவது இரண்டு மாத்திரையை விழுங்கியிருந்தால், கதை வேறு மாதிரி போயிருக்கும். நீ சொன்னது தப்பான சொல்தான், அதற்கு அன்றைக்கே ஒரு அறை வாங்கியிருக்கவேண்டியவன் நீ, அதோடு முடிந்திருக்கும். பதிமூன்று வருடத் தண்டனை அதற்கு இல்லை.

எனக்குத் தெரிந்த அறிவுரை கொஞ்சம்தான். டாக்டரிடம் வெட்கப்படாதே. வீட்டில் ஒருத்தர் முகம் வாடும் என்று உண்மையை விழுங்காதே, மாத்திரையை விழுங்கு. கோபம் வந்தால் கோபப்படு, ஆனால் திரும்பி வந்து கதவைத் தட்டு. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், உனக்காக நான் இதைச் செய்தேன் அதைச் செய்தேன் என்று சொல்லிக் கட்டிப்போடாதே. நான் சொன்னேன், என்ன ஆனது என்று பார்த்தாய். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து உடம்பில் கை வைக்காதே. அவ்வளவுதான், கையும் வலிக்கிறது.

நீ இதை நம்பமாட்டாய் என்று சொன்னேன் அல்லவா? பெர்த் கடிதத்தை அம்மா பார்த்துவிட்டாள், என்னை அனுப்பக் கதை கட்டுகிறாள் என்று இந்த நிமிஷம் நினைத்துக்கொண்டிருப்பாய். இப்போது டப்பாவைத் திற. பொத்தான்களுக்கு நடுவில் மருந்தகத்துப் பிளாஸ்டிக் பாக்கெட் இருக்கும், என் பெயரும் அந்த வருடமும் அதன் மேல் ஒட்டியிருக்கிறது. எறிந்துவிடலாம் என்று எத்தனையோ தடவை கையில் எடுத்தேன், முடியவில்லை. மாத்திரைகளை மடியில் கொட்டி எண்ணு. இருபத்து நான்கு இருக்கும். சாயங்காலத்துக்கு இரண்டு, பன்னிரண்டு சாயங்காலம். நான் கடையில் விழுந்த நாள் உனக்கு மறந்திருக்காது. அதற்கு முந்தின சாயங்காலம் இரண்டு. பூசத்தன்று இரண்டு. நாம் சண்டை போட்ட சாயங்காலம் இரண்டு. இந்த ஆறையும் ஒரு பக்கம் ஒதுக்கு. மீதி இருப்பதைப் பார். பதினெட்டு. நீ என் முன்னால் வந்து நின்று, டாக்டரிடம் கேட்டீர்களா அம்மா என்று கேட்டபோது, அந்தப் பதினெட்டும் ஏற்கெனவே இந்த டப்பாவுக்குள் இருந்தன.

பெர்த்துக்குப் பதில் புதன்கிழமைக்குள் போகவேண்டும். பென்சிலால் எழுதியதை அழித்துவிடு. ஆபரேஷன் அன்று வந்து வெளியே உட்கார், அது என் ஆசை, உன் கடன் இல்லை. இன்றைக்கு மேலே ஏறி வராதே, வந்தால் இரண்டு பேரும் அழுவோம், ரத்த அழுத்தம் கூடும், நர்ஸ் என்னைத்தான் திட்டுவாள். கோபம் வந்தால் நாளைக்கு வந்து கத்து. உன் சத்தத்தைக் கேட்டுப் பதிமூன்று வருடம் ஆகிறது தம்பி, என் நெஞ்சு அதைத் தாங்கும்.

அம்மா